கொங்கு நாட்டில் களத்தில் வரைதல்: மலைக்காட்சியிலிருந்து சந்தைத் தெரு வரை

கண்ணெதிரே உள்ள காட்சியை அதே இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் கோடிட்டு, நீர்வண்ணம் பூசி முடிக்கும் முறை, 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின் பின்னால் கொங்கு நாட்டின் எல்லைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் இங்கே ஓவியம் உண்டு. ஆனால் வரைபவர் பொருளின் எதிரில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை அந்த மரபில் இல்லை. மனத்தில் பதிந்த இலக்கணமும் குருவிடம் பெற்ற அளவுகளும் போதுமானவையாக இருந்தன. புதிய முறை வந்த பிறகும் நெடுங்காலம் ஒரு முரண் நீடித்தது. களத்தில் இருந்து வரைந்தவர்கள் அன்றாட வாழ்க்கையை வரையவில்லை. அன்றாட வாழ்க்கையை வரைந்தவர்கள் களத்துக்குப் போகவில்லை. இரண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

எல்லையில் நின்ற ஓவியர்கள்

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகனான வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து தென்னகப் பயணம் புறப்பட்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. அதன்படி பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி வசம் வந்தன. கோயம்புத்தூர் 1799 வரை திப்புவின் ஆட்சியில் தொடர்ந்தது. டேனியல்களின் படங்களில் ராயக்கோட்டையும் பாராமகாலின் பிற மலைக்கோட்டைகளும் இருப்பதற்கும், கோயம்புத்தூர்ப் பகுதியின் நொய்யல் கரை ஊர்கள் இல்லாமல் போனதற்கும் இந்த அரசியல் எல்லையே விளக்கம். எங்கே உட்கார்ந்து வரையலாம் என்பதைப் போர் முடிவு செய்தது.

அவர்கள் கேமரா அப்ஸ்க்யூரா என்னும் கருவியைக் கையோடு கொண்டு போனார்கள். லென்ஸ் வழியாக உள்ளே விழும் காட்சியின் மேல் பென்சிலை ஓட்டிக் கோட்டுருவம் எடுப்பது, பிறகு வண்ணம் பூசுவது என்பது அவர்கள் வழக்கம். ஊர் திரும்பியபின் அந்தத் தாள்களை வைத்துச் செப்புத் தகட்டில் அக்வாடின்ட் முறையில் அச்சிட்டார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் உள்ள 144 படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இத்தகைய களக்குறிப்புகளே. பாறையும் கோட்டைச் சுவரும் படத்தை நிறைத்துக்கொண்டிருக்க, அடிவாரத்தில் சில மனிதர்கள் மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக நிற்பார்கள்.

இந்தப் பயண ஓவியத்துக்குத் துணையாக வந்தது ஒரு சிறிய கண்டுபிடிப்பு. நிறப்பொடியைப் பிசினோடு அரைத்துக் குழைக்கும் வேலையைத் தவிர்த்து, தண்ணீர் தொட்டாலே கரையும் கட்டி வண்ணங்களை இங்கிலாந்தின் ரீவ்ஸ் சகோதரர்கள் செய்து, அதற்காக 1781-ல் பரிசும் பெற்றார்கள். ஒரு பெட்டி, ஒரு பிரஷ், ஒரு குப்பித் தண்ணீர் என்று கருவிகள் சுருங்கியதால், குதிரையில் போகும் படை அதிகாரியும் ஓவியர் ஆக முடிந்தது. 1809-ல் தொடங்கிய அடிஸ்கம்ப் பயிற்சிக் கல்லூரியில் கம்பெனிப் படைக்கு வரும் இளைஞர்களுக்கு வரைதல் பாடமாகவே இருந்தது. நிலத்தை அளக்கவும் கோட்டையின் அமைப்பைக் குறிக்கவும் கற்றுக்கொண்ட கை, ஓய்வு நேரத்தில் அருவியையும் சூரியன் மறைவதையும் வரைந்தது.

கோவைச் சமவெளியின் அன்றாட வாழ்க்கை அதே காலத்தில் பதிவாகாமல் போகவில்லை. அது எழுத்தில் பதிவாயிற்று. 1800-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இப்பகுதி வழியாகச் சென்ற பிரான்சிஸ் புக்கனன், நெசவு, பயிர், கிணற்றுப் பாசனம், இரும்பு உருக்கும் உலை எல்லாவற்றையும் நுணுக்கமாக விவரித்தார். அவர் நூல் 1807-ல் வந்தது. ஓர் ஏற்றத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது, பக்கத்தில் ஒரு டேனியல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

மக்களின் தொழில்களைப் படமாக்கியவர்கள் வேறு. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கம்பெனியாருக்காக வேலை செய்த ஓவியர்கள் குயவர், நெசவாளர், பூக்காரர், பாம்பாட்டி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் இணையாக வரைந்து தொகுதி தொகுதியாக விற்றார்கள். திருச்சியில் மைக்காத் தகட்டிலும் இவை வரையப்பட்டன. பின்னணி வெறுமையாக இருக்கும். உருவங்கள் மாதிரித் தாளிலிருந்து பெயர்க்கப்பட்டவை. வாங்குபவர் வேறாக இருந்தாலும் நெசவாளர் அதே நெசவாளர்தான்.

கோயம்புத்தூரின் நீலமலை

ஜான் சல்லிவன் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்தபோது 1819-ல் நீலகிரி மேல் ஏறினார். 1821, 1822 ஆண்டுகளில் கேப்டன் வார்டு அம்மலையை அளந்தார். 1868 வரை நீலகிரி பெரும்பாலும் கோயம்புத்தூரின் நிர்வாகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் ‘கோயம்புத்தூர்’ என்ற பெயரோடு அச்சான படங்களில் பெரும்பாலானவை ஊட்டியையும் குன்னூரையும் காட்டுபவை. கேப்டன் மெக்கர்டி தம் கல்லச்சுப் படத் தொகுதிக்கே ‘கோயம்புத்தூரின் நீலமலைக் காட்சிகள்’ என்ற பொருளில் தலைப்பிட்டார். கேப்டன் ரிச்சர்டு பாரன் 1835-ல் அங்கே தங்கி வரைந்தவை 1837-ல் லண்டனில் வெளிவந்தன. பீக்காக் என்பவரின் நீலகிரிப் படத் தொகுதி 1847-ஐச் சேர்ந்தது. 1832-ல் வந்த ஹார்க்னஸ் என்பவரின் நூலில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் படமாக இடம்பெற்றார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஆய்வுப் பொருள்.

மலை ஏன் வரையப்பட்டது, சமவெளி ஏன் விடப்பட்டது என்பதற்குக் காரணம் எளிது. நோய் தீரவும் வெயிலுக்குத் தப்பவும் மேலே போனவர்களுக்கு அங்கே வேலை இல்லை, நேரம் இருந்தது. கீழே கோயம்புத்தூரில் கச்சேரி வேலை இருந்தது, நேரம் இல்லை. அதோடு, அவர்களுக்குத் தெரிந்த நீர்வண்ண உத்திகள் இங்கிலாந்தின் ஈரக்காற்றில் உருவானவை. சுமார் 2,200 மீட்டர் உயரத்து மூடுபனி அவர்கள் கைக்குப் பழகிய பொருள். கோவைச் சமவெளியின் உச்சிவெயில் அப்படி அல்ல.

இந்த வரிசையில் தனியாகக் கவனிக்க வேண்டியவர் எட்வர்டு லியர். வேடிக்கைப் பாடல்களுக்காக உலகம் அறிந்த இவர் தொழிலால் நிலக்காட்சி ஓவியர். வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கி, 1874-ல் நீலகிரியை அடைந்தார். அப்போது மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. லியரின் முறை இன்றைக்கும் களத்தில் வரைபவர்களுக்குப் பாடமாகும். இடத்தில் பென்சிலால் வேகமாகக் கோடிடுவார். எங்கே என்ன நிறம், எது பாறை, எது மரம் என்று படத்தின் மேலேயே கிறுக்கி வைப்பார். இடம், தேதி, சில தாள்களில் நேரம்கூட எழுதியிருப்பார். பிறகு அறையில் அமர்ந்து அந்தக் கோடுகளின் மேல் மை ஓட்டி, மெல்லிய வண்ணம் கொடுப்பார். அவர் வரைந்த இந்தியத் தாள்களின் பெரும்பகுதி இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளது. முன்னவர்களைப் போலவே இவருக்கும் மலையும் மரமும்தான் முதன்மை. ஆயினும் படத்தின் மேல் எழுதிய குறிப்புகளால் அந்தத் தாள்கள் அழகுப் படம் என்ற நிலையைத் தாண்டி ஆவணம் ஆகின்றன.

ஆவணம் என்ற அந்த வேலையை அதற்குள் கேமரா எடுத்துக்கொண்டிருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லினேயஸ் டிரைப் எடுத்த ராயக்கோட்டை, சேலம் மாவட்டப் படங்கள் 1858-ல் தனித் தொகுதியாக வந்தன. டேனியல்கள் பென்சிலோடு நின்ற ராயக்கோட்டையில் 66 ஆண்டுகளுக்குள் முக்காலியும் கேமராவும் வந்துவிட்டன. அதன்பின் அதிகாரிகள் வரைவது பொழுதுபோக்காகச் சுருங்கியது.

டிராயிங் மாஸ்டரும் சில்பியும்

உள்ளூர்க் கைகளுக்கு இந்தக் கலை பள்ளிக்கூடம் வழியாக வந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியும், அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரு நிலைகளில் நடந்துவந்த வரைதல் தேர்வுகளும் ‘டிராயிங் மாஸ்டர்’ என்ற ஆசிரிய இனத்தை உருவாக்கின. மேசையில் வைத்த கூஜாவையும் மரப்பெட்டியையும் பார்த்து வரைவதுதான் பாடம். சலிப்பான பாடம் என்றாலும், கண்ணால் பார்த்ததைக் கை எழுத வேண்டும் என்ற பழக்கம் கொங்கு நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் வரை அதனால் பரவியது.

அப்பழக்கம் பெரிய அளவில் விளைந்தது நாமக்கல்லில். மோகனூரில் 1888-ல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞராக அறியப்படுவதற்கு முன்பே உருவப்பட ஓவியராகப் பெயர் பெற்றவர். 1919-ல் நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன் என்ற இளைஞரின் திறமையைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளியில் சேரச் சொன்னவர் அவரே. 1929 முதல் 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பில் இருந்த அப்பள்ளியில் பயின்ற சீனிவாசன், ‘ஆனந்த விகடன்’ ஓவியர் மாலி சூட்டிய ‘சில்பி’ என்ற பெயரால் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார்.

1940களின் பிற்பகுதியில் விகடனில் தொடங்கிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக அவர் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரில் அமர்ந்து வரைந்தார். களத்தில் வரைதல் என்பது தமிழ் வாசகரின் வாராந்தர அனுபவமானது இந்தத் தொடரால்தான். வேலையின் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கருவறையில் கேமராவுக்கு இடமில்லை. மண்டபத்தில் பக்கவாட்டு வெளிச்சம் நேரத்துக்கு நேரம் நகரும். காலையில் விழுந்த நிழல் உச்சியில் இருக்காது. ஓவியர் ஒரு நேரத்து ஒளியைத் தேர்ந்து அதை மனத்தில் நிறுத்திக்கொண்டு, மீதியைக் கல்லின் அமைப்பைப் புரிந்தே வரைய வேண்டும். சில்பியின் கோட்டில் ஆபரணத்தின் முத்து ஒவ்வொன்றும் எண்ணத் தக்கதாக இருக்கும். டேனியல்களின் தொலைவுப் பார்வை இங்கே கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் பொருள் தெய்வமும் கல்லும்தான். கோயில் வாசலில் தேங்காய் விற்பவர் படத்துக்குள் வரவில்லை.

இதே காலத்து நீர்வண்ணத்தில் சென்னைப் பள்ளியின் பெரும்பெயர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். அவருடைய தொடக்ககால நீர்வண்ணங்கள் கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் பொருளாகக் கொண்டவை. பிறந்த ஊர் என்ற உரிமையை மட்டும் கோவை கொண்டாடிக்கொள்ளலாம்.

கோவை நகரத்தின் சொந்த ஓவியத் தொழில் வேறு வகையில் வளர்ந்தது. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று சினிமா வளர்ந்த ஊரில் பேனர் ஓவியக் கூடங்கள் பெருகின. சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதைத் துணியில் பல மடங்கு பெரிதாக்குவது அவர்கள் முறை. அது நினைவிலிருந்தும் நிழற்படத்திலிருந்தும் வரையும் கலை. களத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கையின் பயிற்சி அசாத்தியமானது. 2000-க்குப் பின் ஃபிளெக்ஸ் வந்து இந்தத் தொழிலை அழித்தது. இம்மரபில் வந்தவரும் ‘திரைச்சீலை’ நூலின் ஆசிரியருமான ஓவியர் ஜீவா, சித்ரகலா அகாதெமியோடு நெடுங்காலம் இணைந்து கோவையின் ஓவியச் சூழலை வளர்த்தவர்களில் முக்கியமானவர்.

தெருவுக்கு வந்த பென்சில்

அன்றாடக் காட்சி முதன்மைப் பொருளானதற்குப் பின்னணியில் மூன்று காரணங்கள் உள்ளன. கேமரா எல்லார் கையிலும் வந்தபின், கோட்டையையும் கோபுரத்தையும் பதிவு செய்யும் கடமையிலிருந்து பென்சில் விடுபட்டது. கேமல் போன்ற இந்திய வண்ணப் பெட்டிகள் பள்ளிப் பையில் அடங்கும் விலைக்கு வந்தன. கோவைப் பகுதியில் பெருகிய கட்டடக்கலைக் கல்லூரிகளில் அவுட்டோர் ஸ்கெட்ச் பாடத்தின் பகுதியானது. இதற்கிடையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம், நேரில் பார்த்தே வரைவது, இடத்துக்கும் காலத்துக்கும் உண்மையாக இருப்பது என்ற எளிய விதிகளோடு உலகெங்கும் பரவியது.

கோவையில் இதற்கு வாய்த்த இடங்கள் பல. 1892-ல் கட்டப்பட்ட விக்டோரியா டவுன் ஹால், ராஜவீதித் தேர்முட்டி, பூ மார்க்கெட், பேரூர்ப் படித்துறை, உக்கடம் பெரியகுளக் கரை ஆகியவை ஒரு நாள் சுற்றுக்குள் அடங்கும். வெளியே போனால் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, ஈரோட்டு ஜவுளிச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. சந்தையில் எதுவும் நிற்காது. மாடு தலையைத் திருப்பும், தரகர் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். ஆகவே முதலில் உடலின் சாய்வை ஒரே கோட்டில் பிடித்து, திமிலும் கொம்பும் பிறகு என்று விட்டுவிட வேண்டும். பக்கத்தில் அதே நிலையில் இன்னொரு மாடு கட்டாயம் இருக்கும். விவரங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

காற்றும் கணக்கில் சேர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றில் தாள் பறக்கும். இரண்டு பக்கமும் கிளிப் போடாமல் உட்கார முடியாது. வாஷ் என்னும் மெல்லிய நீர்வண்ணப் பூச்சு கொடுத்தால் பிரஷ் அடுத்த ஓரத்துக்குப் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழும். அதனால் சமவெளியில் வரைபவர்கள் சிறு சிறு பரப்பாகப் பூசுவது வழக்கம். ஊட்டியில் இதற்கு நேர்மாறு: மூடுபனியில் தாள் காயவே மறுக்கும், முதல் பூச்சு உலரும்வரை காத்திருக்க வேண்டும். நிறத்திலும் அப்படித்தான். செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னாவும், காய்ந்த சோளத்தட்டுக்கு யெல்லோ ஓக்கரும் இங்கே சீக்கிரம் தீர்ந்துபோகும், பச்சை மிஞ்சும்.

இந்தத் தாள்களின் மதிப்பு இனி அவற்றில் எழுதப்படும் குறிப்புகளைப் பொறுத்தது. உக்கடத்தில் 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறக்கப்பட்டது. குளக்கரைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உருமாறின. பழைய மில் வளாகங்கள் மறைந்து வருகின்றன. எந்த இடத்தில், எந்தத் தேதியில் வரைந்தது என்று தெரியாத படம் நகர வரலாற்றுக்குப் பயன்படாது. லியர் செய்ததைப் போல இடத்தையும் தேதியையும் நேரத்தையும் தாளின் மூலையில் எழுதிவைப்பதைக் கோவையில் வரைபவர்கள் கட்டாய வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.