ஆரணியாறு சேரும் இடம்

பெரியபாளையம் என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது பவானி அம்மன் கோயிலும், ஆடி ஆவணி ஞாயிறுகளில் வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வரும் கூட்டமும்தான். கோயிலை ஒட்டிச் செல்லும் ஆரணியாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணல். வடகிழக்குப் பருவமழையில் ஆந்திரத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பி மதகு திறக்கப்படும் நாட்களில் மட்டுமே அது ஆறு என்பது ஊராருக்கு நினைவூட்டப்படுகிறது. அந்த வெள்ளம் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி எனக் கடந்து பழவேற்காடு ஏரியில் சென்று சேர்கிறது. வழியில் லட்சுமிபுரத்திலும் ரெட்டிப்பாளையத்திலும் தடுப்புகள் நிற்கின்றன. அவற்றுக்கு மிஞ்சியதுதான் ஏரிக்கு.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் அதற்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவருகின்றன. இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மடவையும் நண்டும் பெருகுகின்றன. அவற்றையும் சேற்றில் வாழும் சிற்றுயிர்களையும் நம்பியே கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வருகின்றன. இந்த முகத்துவாரத்தை நம்பித்தான் டச்சுக்காரர்களும் வந்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை இங்கிருந்தே நடத்தினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, கல்லறைகள் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் காலத்தைத் தாண்டியும் மீனவர்களின் ‘பாடு’ முறை நிலைத்தது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏரியைப் பங்கிட வேண்டிய பொதுச்சொத்தாகக் கருதியவர்களின் சட்டம் அது என்று சொல்லலாம்.

அரசின் சட்டம் பின்னால் வந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆந்திர அரசு 1976-இல் தன் பக்கத்து ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழகம் 1980-இல் அறிவித்தது. ஓர் ஏரிக்கு இரண்டு அரசாணைகள். இரண்டிலும் எல்லைக்கோடு ஏரியையும் கரையோர ஊர்களையும் சுற்றி வந்ததே தவிர, ஆற்றின் வழியே மேலேறிச் செல்லவில்லை. அதற்குள் ஏரியின் குறுக்கே வேறொரு கோடும் விழுந்திருந்தது. 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குத் தேர்வானபின், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியை ஊடறுத்துச் சாலை போடப்பட்டது. விண்வெளிக்குச் செல்ல அது தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு வடக்கே நீரோட்டம் தடைப்பட்டு, ஏரி ஆழம் குன்றி, கோடையில் காய்ந்துபோகலாயிற்று. சரணாலய அறிவிப்பு அந்தச் சாலையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்லை வரைவதால் மட்டும் ஈரநிலம் காக்கப்படுமா என்ற கேள்விக்குப் பரத்பூரின் வரலாறு கசப்பான விடை. மன்னர்கள் கரைகட்டி நீர் தேக்கி உருவாக்கிய வேட்டைக்களம் அது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. சாலிம் அலி போன்றோரின் முயற்சியால் அது காப்பாற்றப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆயிற்று. தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் உரிமை கிடையாது. 1982-இல் தடையை எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள். எருமைகள் வெளியேறிய பின் நடந்ததுதான் விசித்திரம். மேய ஆளில்லாமல் நீர்ப்புல் மண்டி, பறவைகளுக்கான திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு கண்டது. அடுத்து நீரும் குறைந்தது. கம்பீர் ஆற்றின் மேற்புறத்துப் பாஞ்சனா அணை, வேளாண்மைக்கும் பூங்காவுக்கும் இடையே வழக்காயிற்று. பூங்கா பல ஆண்டுகள் வறண்டது. அங்கே மட்டுமே வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பின் வரவில்லை. சுற்றுச்சுவர் மட்டும் பழுதின்றி நின்றது.

இதற்கு மறுதலையான உதாரணம் அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ். 1947-இல் தேசியப் பூங்காவானபோது அதன் எல்லை, தெற்கு நோக்கி மெல்ல நகரும் அகன்ற நீர்ப்பரப்பின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டது. வடக்கே 1928-இல் போட்ட தாமியாமி சாலை அணைபோலக் குறுக்கே நின்றது. பின்னர் எழுந்த கரைகளும் கால்வாய்களும் மிச்சத்தையும் திருப்பிவிட்டன. பூங்கா முழுதாக இருக்கும்போதே உள்ளே வற்றியது. நாற்பதாண்டுகளுக்குப் பின், 1989-இல், அமெரிக்க நாடாளுமன்றம் கிழக்குப் பகுதியில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தைப் பூங்காவோடு சேர்க்கச் சட்டமியற்றியது. அழகான காட்சிக்காகவோ அரிய விலங்குக்காகவோ அல்ல, பழைய நீரோட்டம் சென்ற தடம் அது என்பதற்காகச் சேர்த்தார்கள். தாமியாமி சாலையில் ஒரு மைல் நீளத்தை எடுத்துவிட்டுப் பாலமாக்கினார்கள். அது முடிந்தது 2013-இல். சட்டத்துக்கும் பாலத்துக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். சாலை போடுகையில் சில பாலங்களைக் கூட்டிக் கட்டியிருந்தால் மிகச் சிறிய செலவில் முடிந்திருக்கக்கூடிய காரியம்.

பழவேற்காட்டுக்கு இவை இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைத் தேசியப் பூங்காவாக உயர்த்தக் கோருவது பரத்பூரின் தவற்றைப் படகுகளின் மீது திருப்புவதாகும். பாடு முறையில் வாழும் மக்களை வெளியேற்றி ஏரியைக் காக்க முடியாது. சரணாலயமாகவே, மீனவர் உரிமையோடு அது நீடிக்கட்டும். ஆனால் அதன் எல்லைக்குள் சேர வேண்டிய நிலங்கள் இருக்கின்றன. ஆரணியாற்றின் கழிமுகம், வெள்ளம் பரவும் தாழ்நிலங்கள், முகத்துவாரத்துக்குத் தெற்கேயுள்ள மணல்திட்டு ஆகியவை அவை.

கடைசியாகச் சொன்னதே இன்று அதிகம் நெருக்கப்படுவது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. அதை அடுத்து எழுந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போடப்பட்டன. கடலரிப்பு மிகுந்து மணல்திட்டு உடைந்தால் ஏரி கடலாகிவிடும் என்பது மீனவர்களின் அச்சம். வேலைவாய்ப்பும் வணிகமும் இந்த மாவட்டத்துக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியின் ஆலைகளில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் ஆலைக்கு வேறிடம் தேடலாம். ஆறும் கடலும் சந்திக்க இந்தக் கரையில் வேறிடம் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் பெரியபாளையத்துப் பாலத்தில் நின்று பார்ப்பவர்களுக்குச் செந்நிற வெள்ளம் கிழக்கே போவது தெரியும். வீணாகக் கடலுக்குப் போகிறது என்று சொல்வது நம் வழக்கம். அது வீணாகப் போகவில்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரி அதற்காகக் காத்திருக்கிறது.