பெயரிழந்த முகங்கள்

ஜோர்ஜ் கிரந்தம் பெயின் என்பார் 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே செய்திப்பட நிறுவனமொன்றைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்குப் படம் வழங்குவதே அதன் தொழில். அரசியல்வாதி, குத்துச்சண்டை வீரர், நாடக நடிகை, துறைமுகம் சேர்ந்த கப்பல் ஆகிய யாவும் அதன் கண்ணாடித் தகடுகளிற் பதிந்தன. மறுநாள் அச்சேற வேண்டிய படத்துக்கு நீண்ட விளக்கம் எழுத எவருக்கு நேரம் இருந்தது? பல தகடுகளில் ஒரு குடும்பப் பெயர் மாத்திரமே கீறப்பட்டது. அதுவும் சில வேளைகளிற் பிழையாக. அன்றைய வாசகர் அம்முகத்தை அறிவர். அவர்தம் பேரர் அறியார்.

வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் 1948இல் இத்தொகுதியை வாங்கிற்று. ஏறத்தாழ 40,000 தகடுகள். அவற்றுள் இன்னார் என அறியப்படாதோர் பற்பலர்.

இது நிற்க, 2004இல் கனடாவின் வன்கூவர் நகரிலே பிளிக்கர் என்னும் இணையத்தளம் தோன்றியது. குடும்பச் சுற்றுலாவையும் வீட்டுப் பூனையையும் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் இடம் அது. அறிஞர் கூடும் அவையன்று. 2008 சனவரியில் அந்நூல்நிலையம் ஏறத்தாழ 3,000 படங்களை அத்தளத்தில் வைத்தது. ஒருபாதி பெயினுடையவை. மறுபாதி, 1939 முதல் 1944 வரை அரசாங்கப் படப்பிடிப்பாளர் எடுத்த வண்ணப் படங்கள். எவரும் பார்க்கலாம், படத்தின் கீழே தாம் அறிந்ததை எழுதலாம்.

ஆராய்ச்சி நூல்நிலையமொன்று பொழுதுபோக்குத் தளத்தை நாடுவது தகுமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆயின் நிகழ்ந்தது வேறு. கப்பல்களில் ஈடுபாடுடையவர் கப்பலை அடையாளங் கண்டார். பேஸ்போல் இரசிகர் சீருடையைக் கொண்டே ஆண்டைக் கணித்தார். வேறு சிலர் பழைய பத்திரிகைகளைத் துருவி, முழுப்பெயரையும் நிகழ்ச்சியின் நாளையும் எடுத்துக்காட்டினர். இத்தகைய திருத்தங்களிலே இடையறாது உழைத்தோர் சுமார் இருபது பேரே. ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் அவர்கள் செய்த பணியை வீண்பொழுது என்று எவர் தள்ளுவார்?

அவ்வாண்டு ஒக்டோபர் வரையில் அப்படங்கள் 1 கோடியே 4 இலட்சம் தடவை பார்க்கப்பட்டன. எழுதப்பட்ட குறிப்புகள் 7,166. அவற்றுட் பாராட்டுரைகளும் பல. ஊழியர் தகவல்களை ஆராய்ந்து, ஏற்கத்தக்கவற்றையே பட்டியலிற் சேர்த்தனர். அவ்வாறு திருந்திய பதிவுகள் 500க்குச் சற்று அதிகம். கோடியினும் இவ்வைந்நூறே பெரிது.

அத்தளமோ கைமாறும் வணிகப் பொருள். 2005இல் யாகூ அதனை வாங்கியது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனத்துக்குச் சென்றது. அதே ஆண்டில், கட்டணஞ் செலுத்தாதோர் 1,000 படங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற விதியும் அறிவிக்கப்பட்டது. நூல்நிலையங்களின் பொதுத் தொகுதிக்கு விலக்கு அளிக்கப்பட்டமை நற்பேறு. எனினும் கண்டறிந்த பெயர்கள் அத்தளத்தை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. அவை வாஷிங்டன் பட்டியலில் ஏறிவிட்டன; தகவல் கிடைத்த இடம் ‘பிளிக்கர் பொதுத் திட்டம், 2008’ என அருகே குறிக்கப்பட்டுள்ளது.