தாத்தாவும் க்ரூன்ஃபெல்டும்

எங்க நைனார்பாளையம் திண்ணையில தாத்தா செஸ் ஆடினா, சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். பழைய நாட்டு விதி. மந்திரியை ஓரமா பதுக்கி வைப்பார். புத்தகம் படிச்ச திமிர்ல, "இதெல்லாம் ஒரு ஓபனிங்கா?"ன்னு சிரிச்சிருக்கேன்.

அதே மாதிரி விதியில பழகினவர்தான் மொகேஷ்சந்தர் பானர்ஜி. 1855ல் கல்கத்தாவில் வக்கீல் ஜான் காக்ரேனுக்கு எதிரா கறுப்புக்காய். குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, அடுத்து டி5. நடுக்கட்டங்களை வெள்ளை பிடிச்சுக்கட்டும். ஜி7ல இருக்கிற மந்திரி தூரத்துல இருந்தே அதை அரிக்கும். அதான் சூட்சுமம்.

1922ல் ஆஸ்திரியாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் இதையே ஆட, 'க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ்' ஆயிடுச்சு. 67 வருஷம் முன்னாடி ஆடினவர் 'இண்டியன் டிஃபென்ஸ்'ங்கிற பொதுப்பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கார், பாவம்.

இப்பல்லாம் கறுப்பு வந்தா நானும் ஜி6தான் மக்களே. தாத்தாகிட்ட சொல்லத்தான் முடியல.