நோயாளியின் கட்டிலருகே நாய்: மேற்கு மலை எல்லையில் ஒரு வரலாறு

மருத்துவமனைக்குள் நாய் நுழைவது அண்மைக்காலம் வரை தூய்மை விதிகளை மீறும் செயலாகவே கருதப்பட்டது. இன்றோ, பயிற்சி பெற்ற நாயொன்று தன்னைப் பழக்கியவரோடு வார்டுக்குள் வந்து, நோயாளியின் அருகில் அமர்ந்து, அவர் தடவிக்கொடுக்க இடம்தருவது பல நாடுகளில் சிகிச்சையின் துணைமுறையாக ஏற்கப்பட்டுள்ளது. இவ்வாறு பணிசெய்வது 'சிகிச்சைத் துணை நாய்' எனப்படும். பார்வையற்றவர் போன்ற ஒருவருக்கே வழித்துணையாக வாழும் 'சேவை நாய்', தடயங்களையும் உடல்களையும் தேடும் 'மோப்ப நாய்' ஆகியவற்றிலிருந்து இது வேறானது. இந்த ஏற்பு உருவாவதற்கு முன் இரண்டு தடைகள் நீங்க வேண்டியிருந்தது: ஒன்று வெறிநாய்க்கடி பற்றிய அச்சம், மற்றது, நோயை நீக்குவது மட்டுமே மருத்துவம் என்ற எண்ணம். கேரளத்தில் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வரை தமிழர் மிகுந்து வாழும் எல்லைப் பகுதிகளின் வரலாறு இவ்விரண்டையும் விளங்கிக்கொள்ள உதவுகிறது.

நாயை மதித்துப் போற்றிய மரபு தமிழருக்குப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், தன் தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த 'கோவிவன்' என்னும் நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. ஆனால் அதே நாயின் பல்வழியே வெறிநோயும் வந்தது. உமிழ்நீரில் உள்ள வைரஸ் கடிவாயில் புகுந்து நரம்புகள் வழியாக மூளையை அடைவதால் உண்டாகும் இந்நோய், அறிகுறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பதாகும்.

இந்தியாவில் இதற்குச் சிகிச்சை அளிக்கும் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைப் பகுதியின் கசௌலியில் அமைந்தது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அவ்வளவு தொலைவு செல்வது பெரும்பாலும் இயலாதிருந்தது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநோயால் இறந்தது தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்தியது. அமெரிக்க வள்ளல் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த கொடையின் துணையோடு 1907 ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899லேயே குன்னூரை எட்டியிருந்ததால், நீலகிரியை ஒட்டிய பாலக்காட்டுக்கு இது அருகில் வந்துவிட்ட மருத்துவமாயிற்று. இடுக்கியின் மூணாறு மலைத் தோட்டங்களிலிருந்து செல்வோரோ சமவெளிக்கு இறங்கி மீண்டும் மற்றொரு மலை ஏற வேண்டியிருந்தது. 1911இல் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, விலங்கின் மூளைத் திசுவில் வளர்த்த வைரஸைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது; அதை நாள்தோறும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்ற பேச்சு தலைமுறைகள் தாண்டியும் மக்களிடையே நிலைத்தது. திசு வளர்ப்பு முறையில் செய்யப்படும் பாதுகாப்பான ஊசிகள் அதன் இடத்தைப் பிடித்த பின்னரே, தடுப்பூசி போடப்பட்ட நாயை அச்சமின்றி அணுகும் மனநிலை பரவலாயிற்று.

இரண்டாவது தடை மெல்ல நீங்கிய கதை உலக மருத்துவ வரலாற்றைச் சேர்ந்தது. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் நிறுவிய மனநலக் காப்பகத்தில், நோயாளிகளைச் சங்கிலியிட்டு அடைப்பதற்கு மாறாக, முற்றத்தில் முயல்களும் கோழிகளும் விடப்பட்டு அவற்றைப் பேணும் பொறுப்பு அவர்களிடம் அளிக்கப்பட்டது. நெடுநாள் படுத்திருக்கும் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளிவந்த தம் செவிலியர் நூலில் எழுதினார். 1944இல் நியூ கினியாவில், காய்ச்சலில் கிடந்த படைவீரர் வில்லியம் வின்னைக் காண அவருடைய ஸ்மோக்கி என்னும் சிறு நாயை நண்பர்கள் கொண்டுவந்தபோது, மற்ற காயம்பட்டவர்களின் கட்டில்களுக்கும் அது அழைத்துச் செல்லப்பட்டது. நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸோடு இணங்கியதைக் கவனித்து, 1962இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நாயைத் தடவும்போது மனிதரிடமும் நாயிடமும் ஆக்சிடோசின் என்னும் பிணைப்பு உணர்வுக்கான ஹார்மோன் மிகுவதை 2003இல் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆசியாவில் ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய, நோயாளிகளிடம் நாய்களை அழைத்துச் செல்லும் 'டாக்டர் டாக்' திட்டம், பின்னர் புளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பின் வழியாகச் சென்னைக்கும் வந்தது.

எல்லைப் பகுதியில் இவ்வரலாற்றை நினைக்கும்போது மூணாறு பகுதியின் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடியைத் தவிர்க்க இயலாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த இத்தோட்டத்தில் மலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்கள், அதாவது வரிசை வீடுகள், மண்ணுக்குள் மூழ்கின. மாண்டவர் 70 பேர்; அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. தேடுதல் நடந்துகொண்டிருந்த எட்டாம் நாள், குவி என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை, பல கிலோமீட்டர் தொலைவில் ஆற்றங்கரையில் கண்டுபிடித்தது. பின்னர் உணவை மறுத்துச் சோர்ந்திருந்த அந்நாயை இடுக்கிக் காவல்துறையின் நாய்ப் பிரிவு ஏற்றுப் பேணியது. சில மாதங்களுக்குப் பின் அக்குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டியிடம் அது ஒப்படைக்கப்பட்டது. குவி பயிற்சி பெற்ற சிகிச்சைத் துணை நாயன்று. எனினும், இழந்தவரிடம் நாயைச் சேர்ப்பதும் ஒரு பராமரிப்பே என்பதை அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட நிகழ்வு என்பதால் அதற்கு வரலாற்று மதிப்பு உண்டு. பேரிடரில் உழைப்பவர்களுக்கும் ஆறுதல் தேவை என்பதை 2001இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்தபோது மீட்புப் பணியாளர்களிடையே சிகிச்சைத் துணை நாய்கள் அழைத்துச் செல்லப்பட்டது உலகுக்கு உணர்த்தியிருந்தது. இறப்பையும் வலியையும் நாள்தோறும் காணும் செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் இது பொருந்தும்.

கேரளத்தில் இதற்கான களம் ஏற்கெனவே உள்ளது. பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலிதணிப்புப் பராமரிப்பு 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, தன்னார்வலர் வழியே வீடுகளுக்குச் சென்று, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. தீராத நோயுள்ளவரின் துயரைக் குறைப்பதும் மருத்துவமே என்பதை ஊர்மக்கள் ஏற்றுக்கொண்ட நிலம் இது. முறையாகத் தடுப்பூசி இடப்பட்டு, குணம் சோதிக்கப்பட்டு, குளிப்பாட்டி அழைத்து வரப்படும் நாய், ஒவ்வாமையோ திறந்த புண்ணோ உள்ளவர்களையும் நாய்க்கு அஞ்சுபவர்களையும் விலக்கி, விரும்புவோரிடம் மட்டுமே செல்ல வேண்டும். சோர்ந்தால் ஓய்வு பெறும் உரிமை நாய்க்கும் வேண்டும். குன்னூர் தந்த தடுப்பூசியும் கோழிக்கோடு தந்த பரிவும் சந்திக்கும் இம்மலையோரத் தோட்ட மருத்துவமனைகளில் அதற்கு இடம்தருவது, வரலாறு ஏற்கெனவே திறந்து வைத்த வழியில் நடப்பதேயாகும்.