பிச்சைச் சம்பளம் முதல் மேன்முறையீடு வரை

கல்முனையிலும் அதனை அடுத்துள்ள மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் அதிகமாக எழுதப்பட்ட தமிழ் உரைநடை எது என்று என்னைக் கேட்டால், சிறுகதையும் அல்ல, கட்டுரையும் அல்ல, மனு என்றே சொல்வேன். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இக்கரையில்தான் இருக்கிறது. கவிஞர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் இங்கு என்றுமே குறைவில்லை. ஆயினும் விதானைக்கும் காரியாதிகாரிக்கும் கச்சேரிக்கும் இம்மக்கள் எழுதிய பக்கங்களோடு ஒப்பிட்டால் அவர்கள் எழுதியவை சொற்பமே. மனுக்களை நாம் இலக்கிய வரலாற்றில் சேர்ப்பதில்லை. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆதரவற்ற முதியோருக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் அரசு மாதந்தோறும் வழங்கிய பொதுசன உதவிப்பணத்தைச் சிங்கள மக்கள் 'பின் படி' என்றார்கள். பின் என்றால் புண்ணியம், படி என்றால் சம்பளம். அதே பணம் நம்மவர் வாயில் 'பிச்சைச் சம்பளம்' ஆயிற்று. தமிழாசிரியனாகிய எனக்கு இத்தொடர் எப்போதும் உறுத்தும். சம்பளம் என்பது உழைத்துப் பெறுவது, பிச்சை அப்படியன்று. இரண்டும் ஒரு தொடரில் எப்படிச் சேர்ந்தன? ஸக்காத் என்பது செல்வர் பொருளில் வறியவருக்குள்ள உரிமைப் பங்கு என்று போதிக்கப்படும் ஊர்களிலும் அரசாங்கம் தருவது மட்டும் பிச்சை என்றே அழைக்கப்பட்டது. அந்தப் பணத்தைப் பெறுவதற்கு யாரிடம் எவ்விதம் நிற்க வேண்டியிருந்தது என்பதை மக்கள் அறிந்திருந்தார்கள். பெயர் அதிலிருந்து பிறந்தது என்பதே என் எண்ணம்.

இலங்கையின் வறியோர் சட்டம் 1939ஆம் ஆண்டில் வந்தது. இங்கிலாந்தின் பழைய வறியோர் சட்டத்தின் சாயல் அதில் இருந்தது. கொழும்பு, கண்டி, காலி போன்ற மாநகரங்களே அதன் நிருவாகத்தைப் பொறுப்பேற்றன. ஏனைய ஊர்களுக்கு உரிய உதவி, 1948இல் உருவான சமூக சேவைத் திணைக்களத்தின் வழியே வந்தது. கிராமத்தில் அரசின் கண்ணும் காதும் விதானையார்தான். 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். அதன்பின்னும் நெடுங்காலம் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவரையும் விதானை என்றே அழைத்தார்கள். ஏழை யார் என்பதை ஒரு மனிதர் பார்த்துச் சொல்வார். அவர் பார்க்கத் தவறினால் அதை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறானது கூப்பன். உலகப்போர்க் காலத்தில், 1942இல் தொடங்கிய பங்கீட்டு முறை போர் முடிந்த பின்னும் தொடர்ந்தது. கூப்பன் புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது. போடியார் வீட்டுக்கும் அவருடைய வயலில் வெட்டியவர் வீட்டுக்கும் அதே அரிசி. ஏழை என்று எவரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சங்கக்கடையில் வரிசையில் நின்றதை என் அம்மம்மா சொல்லும்போது அவர் குரலில் களைப்பு இருக்கும், வெட்கம் இருக்காது. அந்த அரிசியில் கைவைத்த அரசுகள் பட்டபாடும் தெரிந்ததே. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1966இல் அவருடைய பிந்திய அரசு இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி அதை இலவசமாகத் தந்தது. 1970இல் இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் தேர்தலில் வென்றார்கள்.

திருப்பம் 1978இல் ஏற்பட்டது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்று அரசு வரையறுத்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வருமானத்தைக் குடும்பத்தவரே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே சற்று நிற்போம். மாத வருமானம் என்ற சொல் சம்பளக்காரனுடைய சொல். எங்கள் கரையில் மாதத்துக்கு வருமானம் இல்லை. போகத்துக்கு உண்டு, பருவத்துக்கு உண்டு. கரைவலை இழுப்பவனுக்கு மீன்படும் நாளில் கை நிறையும். கடல் கொந்தளிக்கும் மாரியில் வாரக்கணக்கில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. மருதமுனையின் கைத்தறி நெசவாளிக்கு நூல் கிடைத்தால்தான் தறி ஓடும். வயற்கூலிக்காரன் அறுவடைக் காலத்தில் பெற்ற நெல்லைப் பல மாதங்களுக்கு நிரவுவான். இவர்கள் எந்த மாதத்தை எழுதுவது? நல்ல மாதத்தை எழுதியவன் முத்திரை இழந்தான். மோசமான மாதத்தை எழுதியவனைப் பொய்யன் என்றார்கள். இரண்டுமே உண்மைதான். போதாததற்கு 1980இல் புதிய பெயர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. முத்திரையின் பெறுமதியை விலைவாசி சில ஆண்டுகளுக்குள்ளேயே தின்று தீர்த்தது.

1989இல் ஜனசவிய வந்தது. குடும்பமொன்றுக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதங்களுக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது. பெயர்கள் இப்போது அழகாகிவிட்டன: மக்கள் பலம், செழிப்பு. ஆனால் பட்டியலைத் தயாரித்த கை எந்தக் கட்சியின் கை என்ற கேள்வி மறையவில்லை. மிக வறிய ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களுள் ஏறக்குறைய 40 வீதமானவை சமுர்த்தியில் சேர்க்கப்படவில்லை என்று 2000ஆம் ஆண்டளவில் வந்த உலக வங்கி ஆய்வொன்று கூறியது.

விடுபட்டவர் எங்கே முறையிடுவது? முன்னர் மட்டக்களப்புக் கச்சேரிக்கு எழுதினார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் அம்பாறைக் கச்சேரிக்கு எழுதினார்கள். தமிழில் எழுதிய மனுவுக்குச் சிங்களத்தில் பதில் வந்த காலம் ஒன்றிருந்தது. அதை வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடி அலைந்த கதை எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச செயலகங்கள் வலுப்பெற்ற பின் அந்த அலைச்சல் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனுவுக்கு நம் பேச்சுவழக்கில் 'பெட்டிசம்' என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆனால் 'அவன் பெட்டிசம் போட்டான்' என்று சொன்னால், தனக்காக விண்ணப்பித்தான் என்று எவரும் விளங்கிக்கொள்வதில்லை. இன்னொருவர்மேல் கோள் எழுதினான் என்றே பொருள். அதிலும் பெயர் போடாதது மொட்டைப் பெட்டிசம். கேட்கும் கடிதத்துக்கும் கெடுக்கும் கடிதத்துக்கும் ஒரே பெயர்.

இதை நான் நினைத்துக்கொண்டது 2023இல். அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. அச்சிங்களச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த திட்டம் அது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 சுட்டிகளைக் கொண்டு வறுமை அளக்கப்பட்டது. அதற்கேற்ப மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு படிநிலைகள். விதானையின் கண் போய்க் கணினியின் கணக்கு வந்தது. பட்டியல் வெளியானதும் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். பட்டியலில் உள்ளவருக்கு எதிராக எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம். பெட்டிசத்தின் இரண்டு பொருளையும் சட்டம் இரண்டு படிவங்களாகப் பிரித்துத் தந்தது எனலாம். நாடு முழுவதிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. ஆட்சேபனைகள் அவற்றைவிட மிகக் குறைவு. நம் மக்களைப் பற்றி எனக்கிருந்த மதிப்பு அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சற்றுக் கூடியது.

அந்நாட்களில் படிவம் நிரப்பக் கேட்டு என் வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு விதவைத் தாய் இருந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் அவருடைய கணவரையும் குடிலையும் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாள் அது. இழப்பில் முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். பின்னர் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில் அவர் இருக்கிறார். கல்வீடு, ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை.

"தம்பி, ஊட்டப் பாத்துத்தான் எண்ட பேர உட்டிருப்பாங்க. அந்த ஊட்ட நானா கட்டின? கடல் எடுத்ததுக்குத் தந்ததுதானே" என்றார்.

அதுதான் காரணமா என்பதை நான் அறியேன். ஆனால் ஒரு பேரழிவின் நிவாரணம் அடுத்த நிவாரணத்துக்குத் தடையாகலாம் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. படிவத்தில் அதற்கு ஒரு கூடும் இல்லை. இருந்த சில வரிகளுக்குள், வீடு எப்போது, எதனால் கிடைத்தது என்பதைச் சுருக்கி எழுதினேன். மாணவர்க்குச் சுருக்கம் எழுதக் கற்பிக்கும் எனக்கு அன்று மூன்று தாள்கள் வீணாயின.

இரண்டு நாள் கழித்து அதே வீதியிலுள்ள ஒருவர் வந்தார். கரைவலைத் தொழிலாளி, என்னைவிட மூத்தவர். அவருடைய பெயரும் பட்டியலில் இல்லை. "சேர், ஒரு ஆட்சேபனை எழுதணும்" என்றார். யார்மேல் என்று கேட்டேன். அவர் சொன்ன வீட்டில் இருப்பவர் அந்தத் தாயின் மகள். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கும் ஓட்டுவீடுதானாம்.

"காக்கா, அதை நான் எழுதமாட்டேன். உங்களுக்குரியதை எழுதுவோம். மாரியில் எத்தனை நாள் வலை இழுத்தீர்கள், சொல்லுங்கள்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. படலையைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்துவிட்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.