லாவெண்டர்: செடியும் எண்ணெயும் பயன்படுத்தும் முறையும்

சோப்பு, ஷாம்பு, அறையில் தெளிக்கும் நறுமணம் என எதை எடுத்தாலும் இன்று லாவெண்டர் என்ற பெயர் கண்ணில் படுகிறது. சின்னச் சின்ன பாட்டில்களில் அதன் எண்ணெயும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. "இயற்கைப் பொருள்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று தேங்காய் எண்ணெயைப் போல் தாராளமாகத் தடவுவோரும் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சளி பிடித்த கைக்குழந்தையின் நெஞ்சில் இதை அப்படியே தடவிவிட்டார்கள். தோல் சிவந்து தடித்து, இரவோடு இரவாக மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. எனவே இதைப் பற்றிச் சற்று விவரமாக அறிந்துகொள்வோம்.

செடியும் வகைகளும்

லாவெண்டர், துளசியும் புதினாவும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளே இதன் தாயகம். நல்ல வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும், வறண்ட காற்றும் இதற்கு வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர் அழுகிவிடுவதால் சமவெளியில் வளர்ப்பது சிரமம்.

கடையில் லாவெண்டர் என்று விற்பதெல்லாம் ஒரே செடியின் எண்ணெய் அல்ல. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்பதே உண்மையான லாவெண்டர். இதன் மணம் மென்மையானது. லாவண்டின் என்பது கலப்பினம். இதில் எண்ணெய் அதிகம் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கற்பூரத் தன்மை கூடுதல். சோப்பு, சலவைப் பொருள்களில் பெரும்பாலும் சேர்வது இதுதான்.

யூனானி மருத்துவத்தில்

அரபியில் லாவெண்டரை குஸாமா என்பர். யூனானி மருத்துவர்கள் 'உஸ்துகுத்தூஸ்' என்று கூறுவது இதன் இன்னொரு வகையான லாவண்டுலா ஸ்டீகாஸ். மருத்துவ மேதை இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் இந்த மூலிகையைக் குறிப்பிட்டுள்ளார். மூளையைச் சுத்தம் செய்வது என்ற பொருளில் இதை 'மூளையின் துடைப்பம்' என்று யூனானியில் அழைப்பதுண்டு. தலைவலிக்கும் நாள்பட்ட சளிக்கும் கொடுக்கப்படும் 'இத்ரீஃபல் உஸ்துகுத்தூஸ்' என்ற லேகியம் இன்றும் யூனானி மருந்தகங்களில் கிடைக்கிறது. அது பூவைச் சேர்த்துச் செய்யும் மருந்து. பாட்டிலில் வரும் எண்ணெயை அதற்குப் பதிலாக உட்கொள்ளக் கூடாது.

எண்ணெய் எடுக்கும் முறை

மலர்க்கதிர்களின் வழியே நீராவியைச் செலுத்தினால், நறுமணப் பொருள் ஆவியோடு சேர்ந்து வெளியேறும். அதைக் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், மணமுள்ள நீர் கீழே தங்கும். சுமார் 100 கிலோ கதிரிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய இரண்டும் இதன் முக்கியப் பொருள்கள்.

பிரான்சின் புரோவான்ஸ் பகுதியும் பல்கேரியாவும் இத்தொழிலில் பெயர்பெற்றவை. நம் நாட்டில் ஜம்முவின் தோடா மாவட்டத்திலுள்ள பதர்வா பகுதியில், மக்காச்சோளம் பயிரிட்ட விவசாயிகள் பலர் மத்திய அரசின் நறுமணப் பயிர்த் திட்டத்தின் கீழ் லாவெண்டருக்கு மாறியுள்ளனர். இதை 'ஊதாப் புரட்சி' என்று அழைக்கிறார்கள்.

வீட்டுப் பயன்கள்

தூக்கத்திற்கு: படுக்கும் முன் ஒரு பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தலைமாட்டில் சற்றுத் தள்ளி வைக்கலாம். மன இறுக்கம் தளர இது உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தீராத தூக்கமின்மைக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

துணி அலமாரிக்கு: காய்ந்த பூக்களைச் சிறு துணிப்பையில் கட்டி வைத்தால், கம்பளி, பட்டுத் துணிகளை அந்துப்பூச்சி அண்டுவது குறையும்.

உடலில் தடவ: 30 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்க்கு 6 சொட்டு சேர்த்தால் சுமார் ஒரு சதவீதக் கலவை கிடைக்கும். பெரியவர்களுக்கு இதுவே போதும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் கழித்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். கண், காது, மூக்கினுள் விடக் கூடாது. காற்றுப்பட்டு நாள்பட்ட எண்ணெயில் லினலூல் மாற்றமடைந்து தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே மூடியை இறுக்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும். பழைய எண்ணெயைத் தூக்கி எறிவதே நல்லது.

கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் ஆலோசனையின்றித் தடவ வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இதன் எண்ணெய் அதன் உடலில் படக் கூடாது. தவறுதலாகப் பிள்ளைகள் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாங்கும்போது

பாட்டிலில் செடியின் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'லாவெண்டர் வாசனை' என்றிருந்தால் அது செயற்கை மணமாக இருக்கலாம். நீராவியில் வடித்த தூய எண்ணெயில் ஆல்கஹால் சேர்ப்பதில்லை. ஆனால் 'லாவெண்டர் வாட்டர்' போன்ற தெளிப்பான்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அதைத் தவிர்க்க விரும்புவோர் மேலே ஒட்டியுள்ள விவரத்தைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

அளவோடு, கலந்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துப் பயன்படுத்தினால் லாவெண்டர் வீட்டுக்கு நல்ல துணை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருக்குமானால், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இப்போதே ஒரு முறை பார்த்துவிடுவோம்.