தீராத நோயும் தோட்டத்து மருத்துவமும்

மருத்துவத்தின் வரலாறு என்றவுடன் வெற்றிகளின் வரலாறே மக்கள் நினைவில் எழுகின்றது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்ட மலேரியா, 2016ஆம் ஆண்டில் இத்தீவை விட்டு நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவையெல்லாம் பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நோயை வெல்ல முடியாது என்று தெளிவான பின்னர், அந்நோயாளிக்கு மருத்துவம் என்ன செய்தது என்பதே அப்பக்கம். அதனை அறிந்துகொள்வதற்குக் கொத்மலைப் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்கள் தக்கதோர் இடமாகும்.

கொத்மலை ஓயா பாய்கின்ற பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. அவற்றைப் பயிரிட்ட கைகள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளருடையவை. வழிநடையிலும் தோட்டத்திலும் அவர்களுட் பலர் நோயுற்று மாண்டனர். 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டின் சட்டங்கள் அவ்வேற்பாட்டை மேலும் ஒழுங்கு செய்தன. நோயுற்ற தொழிலாளரைக் கவனிப்பது தோட்டத்துரையின் சட்டபூர்வமான கடமையாயிற்று. டிஸ்பென்சரியும், தோட்டத்து ஆஸ்பத்திரியும் மலையக வாழ்வின் அங்கங்களாயின.

நாட்டின் பிற பகுதிகளிற் பல கிராமங்களுக்கு மேனாட்டு மருத்துவம் எட்டாதிருந்த அக்காலத்தில் இஃதொரு சிறப்பே. எனினும் அம்மருத்துவம் எந்த நோக்கத்துடன் பிறந்தது என்பதை மறத்தலாகாது. 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது, தோட்ட முதலாளிமாரை இணங்கச் செய்யக் கூறப்பட்ட நியாயங்களுள் முக்கியமானது, புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்பதேயாகும். நோயாளியை மீண்டும் பிரட்டுக்களத்தில் நிறுத்துவதே தோட்டத்து மருத்துவத்தின் அளவுகோலாக இருந்தது. அவ்வளவுகோலின்படி, இனி ஒருநாளும் பிரட்டுக்குத் திரும்ப இயலாத மனிதருக்கு அங்கே இடமில்லை. அவர் லயத்து அறைக்குத் திரும்பினார். கொழுந்து பறித்து மீண்ட மனைவியோ மகளோ இரவெல்லாம் விழித்திருந்து அவருடைய நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். ஏடுகளில் எழுதப்படாத தணிப்பு மருத்துவம் அதுவே.

இக்குறை மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. செல்வம் மிக்க தேசங்களின் ஆஸ்பத்திரிகளிலும் சாகும் நிலையிலுள்ளவர் மூலைக் கட்டிலில் ஒதுக்கப்பட்டே வந்தார். இந்நிலையை மாற்ற முனைந்தோருள் தலையாயவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. தாதியாகவும், பின்னர்ச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், இறக்கும் நோயாளருக்கு உதவும் பொருட்டே மருத்துவம் பயின்று 1957ஆம் ஆண்டில் வைத்தியரானார். அந்நாளில் வலி பொறுக்க இயலாமற் போன பின்னரே மார்பீன் அளிப்பது வழக்கம். அவரோ, வலி தலைதூக்கும் முன்னரே, குறித்த நேரந்தோறும், அளவறிந்து அம்மருந்தை அளித்தல் வேண்டும் என்று காட்டினார். நோயாளியின் வலி உடலில் மாத்திரம் இல்லை. பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கவலையும், தனிமையும், மரண பயமும் சேர்ந்ததே முழுமையான வலி என்றும் அவர் விளக்கினார். 1967ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இத்துறைக்குத் தாயகமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் அவ்வில்லத்தின் தாதியர் நோயாளரின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர்.

இம்முறையின் தேவையை நன்கு உணர்த்துவது நுரையீரற் புற்றுநோய். புகையிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் அறிஞர்கள் 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். புகைபோக்கியில்லாத அடுக்களையில் சூழும் விறகுப் புகையும் ஐயத்துக்குரியதென்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. இந்நோயின் இருமலும் இளைப்பும் காசநோயின் குறிகளை ஒத்திருப்பதாலும், தொடக்கத்தில் வலி தோன்றாமையாலும், பெரும்பாலும் முற்றிய பின்னரே இது வெளிப்படுகின்றது. அந்நிலையில் நோயாளியை வாட்டுவது வலி மட்டுமன்று, மூச்சுத்திணறலே பெருந்துன்பம். சாய்ந்து அமரச் செய்தலும், முகத்தில் விசிறியின் காற்றுப் படச் செய்தலும், சிறு அளவு மார்பீனும் அத்திணறலைத் தணிக்கும். நோய் முற்றியவுடனேயே இத்தகைய பராமரிப்பைத் தொடங்கினால் என்ன பயன் என்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 151 நுரையீரற் புற்றுநோயாளரிடம் ஆராய்ந்தனர். 2010ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மாத்திரம் பெற்றோரின் வாழ்நாள் இடைநிலைக் கணக்கில் 8.9 மாதங்கள், தணிப்புப் பராமரிப்பும் சேர்த்துப் பெற்றோருக்கு 11.6 மாதங்கள். மனச்சோர்வும் அவர்களிடம் குறைந்தே காணப்பட்டது. தணிப்பு மருத்துவம் என்பது கைவிடுதலன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் மார்பீன் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சுவோர் பலர். அபினிலிருந்து பிறந்த மருந்தாதலின் சட்டமும் அதனைக் கட்டுக்குள் வைத்துள்ளது. இலங்கையில் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டிலேயே வந்தது. கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால், வைத்தியரின் மேற்பார்வையில், உரிய அளவில், வாய்வழியாகக் கொடுக்கப்படும் மார்பீன் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. மலச்சிக்கல் போன்ற தொல்லைகளுக்கு மாற்று மருந்துகள் உள்ளன. புற்றுநோய் வலியை வாய்வழி மருந்துகளால், நேரந் தவறாது, படிப்படியாகத் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே வகுத்தளித்தது.

பொருள் வளம் குறைந்த நாட்டில் இது கைகூடுமா என்ற ஐயத்துக்கு அண்டை நிலமாகிய கேரளம் விடையளித்தது. 1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வைத்தியர்கள் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். பின்னர் ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். தாதியர் வீடு தேடிச் சென்றனர். 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. உள்ளூராட்சி மன்றங்கள் வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. பெரிய கட்டடங்களால் அன்று, அயலாரின் பொறுப்புணர்ச்சியால் இப்பணி வளர்ந்தது.

இலங்கையிலும் விழிப்பு ஏற்படாமலில்லை. மஹரகமவில் நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை உள்ளது. அவ்வூரிலேயே இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த சேவனா இல்லம் இறுதிநிலை நோயாளரைப் பேணி வருகின்றது. 2019 முதல் 2023 வரையிலான காலத்துக்கெனச் சுகாதார அமைச்சு தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. தோட்டங்களின் வரலாறும் மாறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் அவை அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. தொண்ணூறுகளிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிறிது சிறிதாக அரசாங்க சுகாதார சேவையுடன் சேர்க்கப்பட்டு வருகின்றன.

ஆயினும் கொத்மலையின் மலையுச்சி லயத்தில் மூச்சுக்குத் திணறும் முதியவருக்கு மஹரகம நெடுந்தூரம். கம்பளை வழியாகக் கண்டிக்குச் செல்வதும் எளிதன்று. செங்குத்தான பாதையில் இறங்கி, வாகனம் அமர்த்தி, உடன் செல்வோர் ஒருநாட் சம்பளத்தையும் இழந்து போதல் வேண்டும். போன இடத்தில் தம் துன்பத்தைத் தமிழில் எடுத்துரைத்து, மறுமொழியையும் தமிழிற் பெறுதல் வேண்டும். தணிப்பு மருத்துவத்திற் பேச்சும் மருந்தின் ஒரு பகுதியன்றோ? ஆதலின் இங்கே வேண்டப்படுவது மற்றொரு பெரிய ஆஸ்பத்திரியன்று. மலையேறி வரும் ஒரு தாதி, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிற் கிடைக்கும் மார்பீன், நோயாளியின் மொழியறிந்த ஊழியர், பயிற்சி பெற்ற தோட்டத்து இளைஞர் சிலர் ஆகிய இவையே போதிய தொடக்கமாகும்.

உழைக்கும் உடலைப் பேணுவதற்காகப் பிறந்த தோட்டத்து மருத்துவம் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஆயுள் முழுவதும் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் சுமந்து ஓய்ந்த உடலுக்கு, அதன் கடைசி மாதங்களில் வலியற்ற உறக்கத்தை அளிப்பது தருமமன்று, கடன். அக்கடன் இன்னும் முழுவதும் தீர்க்கப்படவில்லை.